பாட்டிலில் இரண்டு விரல்

செப்டம்பர் 5

ஊசிக்கு,

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்பது இதற்குள் உனக்கு உறைத்திருக்கும். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாயை விடக் கை முந்தும். அதனால்தான் காகிதம். உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வருவதை மட்டும் நான் தடுக்க முடியாது. வரும்போது இதைக் கொடுப்பார். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்த மனுஷனைத் தபால்காரனாக்கியாகிவிட்டது.

பதினாறு வயதில் பள்ளி மைதானத்தில் நீ போட்ட ஏற்பாடு என்ன, நினைவிருக்கிறதா? நடைப் பந்தயத்தில் நடக்கிறவள் அட்டைக் கணக்கு போடுகிற பலகையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் முழங்கால் மடங்கும், மடங்கிய முழங்காலுக்கு நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். ஆகவே தண்ணீர் மேஜையில் நிற்பவள்தான் பலகையைப் பார்க்க வேண்டும். எத்தனை அட்டை விழுந்திருக்கிறதோ அத்தனை விரலைப் பாட்டில் மேல் நீட்டிக் காட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாக நான் பலகையைப் பார்த்ததே இல்லை. உன் விரலைத்தான் பார்த்தேன்.

போன மாதம் சர்வதேசப் போட்டி. இருபது கிலோமீட்டர், இருபது சுற்று. பதினேழாவது சுற்றில் நான் மூன்றாவது. எனக்குப் பின்னால் வந்தவள் ஒன்பது வினாடி தள்ளி. மூச்சு சீராக இருந்தது, கால் சொன்னபடி கேட்டது. மேஜைக்கு வந்தேன். நீ பாட்டிலை நீட்டினாய். மேலே இரண்டு விரல்.

இரண்டு என்றால் என்ன அர்த்தம்? இன்னும் ஒன்று விழுந்தால் தண்டனைக் கட்டத்தில் இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பயந்து வேகத்தைக் குறைத்தேன். கடைசி மூன்று சுற்றும் குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பது போல நடந்தேன். கடைசிச் சுற்றில் அவள் என்னைத் தாண்டிப் போனாள். ஆறு வினாடி. நான் நான்காவது.

பிறகு உடை மாற்றும் அறைச் சுவரில் அட்டைப் பட்டியலை ஒட்டினார்கள். என் எண் முப்பத்தொன்று. அதற்கு நேராக ஒன்றுமே இல்லை. இரண்டு அட்டை வாங்கியவள் முப்பத்தேழு.

முப்பத்தொன்றுக்கும் முப்பத்தேழுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ? ஒரு நாளைக்கு நூறு சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற தையல்காரி! கைதவறு என்று சொல்லிக்கொண்டு வராதே, சிரிப்பு வரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நீயும் நடந்த காலத்தில், எல்லைக் கோட்டுக்கு எண்பது மீட்டர் இருக்கும்போது உன்னை வெளியேற்றினார்கள். உன் கழுத்தில் விழாத பதக்கம் என் கழுத்திலும் விழக் கூடாது, அவ்வளவுதானே?

பதில் எழுது. எழுதத் துப்பிருந்தால்.

வாத்து


செப்டம்பர் 12

அண்ணிக்கு,

கோபம் வந்தால் மட்டும்தான் உன்னை அண்ணி என்று கூப்பிடுவேன். இன்று இரண்டு தடவை கூப்பிடலாம் போலிருக்கிறது, அண்ணி.

ஆமாம். வேண்டுமென்றுதான் காட்டினேன். போதுமா?

பதினேழாவது சுற்றில் நீ நடக்கவில்லை, தாயே. பறந்தாய். இரண்டு காலும் ஒருசேரத் தரையை விட்டால் அதற்கும் அட்டைதான். உன் காலடிச் சத்தமே மாறிவிட்டது. குதிகால் விழுகிற சத்தம் போய், முன்பாதம் தட்டுகிற சத்தம் வந்தது. இன்னும் ஒரு சுற்று அப்படிப் போயிருந்தால் வரிசையாக மூன்று அட்டை விழுந்திருக்கும். உன்னைத் தரைக்கு இறக்க இரண்டு விரல் காட்டினேன். நான் காட்டாமல் இருந்தால் நான்காவது இடம்கூட உனக்கு இல்லை. காலில் விழ வேண்டியவள் கடிதம் எழுதுகிறாய்.

உன்மேல் எனக்குப் பொறாமையா? எதைப் பார்த்து? இடுப்பை ஆட்டிக்கொண்டு நீ போகிற அழகைப் பார்த்தா? உனக்கு வாத்து என்று பேர் வைத்தவளே நான்தான்.

இன்னொரு சேதி. நடுவர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் முதல் நான் தண்ணீர் தூக்குகிறவள் இல்லை. எச்சரிக்கை காட்டுகிற மஞ்சள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்போது முழங்காலை நேராக வைத்துக்கொண்டு வா.

ஊசி


செப்டம்பர் 19

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

தாங்கள் அருளிய கடிதம் கிடைத்தது. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததற்கு நன்றி. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்தக் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஏழே வரி, ஒவ்வொரு எழுத்தும் சுவரொட்டி அளவு, வரியெல்லாம் வலப்பக்கம் சரிந்து கீழே ஓடுகிறது. நடுவர் ஆகப் போகிறோம் என்றதும் எழுத்துக்கும் கொழுப்பு ஏறிவிட்டதா? எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்தி எழுதுகிறீர்களா?

தடகளச் சங்கத்துச் செயலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த போட்டியில் மேஜையில் உங்களுக்குப் பதிலாக மசாஜ் செய்கிறவர் நிற்பார். அவருக்கு நடைப் பந்தயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று, இரண்டு எண்ணத் தெரியும்.

உங்கள் அண்ணன் நான் பேசும்போதும் தலையாட்டுகிறார், நீங்கள் பேசும்போதும் தலையாட்டுகிறார். கழுத்து வலிக்கிறதாம்.

இப்படிக்கு,
எண் முப்பத்தொன்று


பிப்ரவரி 14

நடுவர் அம்மாவுக்கு,

நேற்று அணித் தேர்வுப் பந்தயத்தில் உங்களைத் தரிசித்தேன். பயிற்சி நடுவராம். தொப்பி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, அடேயப்பா! வளைவில் இரண்டு மணி நேரம் நின்றீர்கள். ஒன்பது பெண்கள் உங்களைக் கடந்து போனோம். புதிதாக வந்த ஒருத்தி ஓடியே போனாள். பார்க்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். மற்ற நடுவர்கள் எல்லாரும் அவளுக்கு அட்டை எழுதினார்கள். நீங்கள் மட்டும் ஒரு தாள்கூடக் கிழிக்கவில்லை! தலைமை நடுவர் உங்களிடம் வந்து ஏதோ கேட்டார். நீங்கள் முகவாயைத் தூக்கி வேறு பக்கம் பார்த்தீர்கள்.

அந்தப் பேராசை எனக்குப் புரிகிறது. எல்லாரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டும். எனக்குப் பொய்யாக இரண்டு காட்டிய கை, ஊருக்கு ஒன்றுகூட எழுதாது.

நான் முதலாவதாக வந்தேன். ஆகஸ்டில் சர்வதேசப் போட்டிக்குப் போகிறேன். முப்பத்தைந்து முடிகிறது, இதுதான் கடைசி என்று எனக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும், என் இடுப்புக்கும் தெரியும்.

அணி உடை வழக்கம் போல இரண்டு பேர் நுழைகிற அளவில் வந்திருக்கிறது. வெளியே கொடுத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல், உன் அண்ணன் எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்துவிட்டார். பக்கத்துக்கு ஒரு அங்குலம் பிடித்துத் தை. சொந்தக் கருத்து எதையும் அதில் தைக்காதே.

வாத்து


பிப்ரவரி 24

அண்ணிக்கு,

பார்க்காததை எழுத மாட்டேன். அதுதான் நடுவருக்கு முதல் விதி. கருவி கிடையாது, கேமரா கிடையாது, வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தால்தான் அட்டை. பக்கத்தில் நிற்பவன் எழுதுகிறானே என்று நானும் எழுதினால் அது நடுவர் வேலை இல்லை, காப்பி அடிக்கிற வேலை. உனக்கு இதெல்லாம் புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உடையை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொண்டு ஆடு.

என் எழுத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதே.

ஊசி


மார்ச் 9

அடி கழுதை,

என்ன திட்டினாலும் ஆறவில்லை. எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை. உடையிலிருந்து தொடங்குகிறேன்.

கருநீல உடையைப் பச்சை நூலில் தைத்திருக்கிறாய். இடப்பக்கம் ஒரு அங்குலம், வலப்பக்கம் இரண்டு. தையல் ஒரு இடத்தில் துணியை விட்டே வெளியே போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. முதலில் திமிர் என்றுதான் நினைத்தேன். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ என்னை அவமானப்படுத்துவாய், என் தலைமுடியைப் பிடித்து இழுப்பாய், ஆனால் கோணல் தையல் போட மாட்டாய். செத்தாலும் போட மாட்டாய்.

வியாழக்கிழமை நீ துணி வாங்கக் கடைவீதிக்குப் போன நேரம், உன் அண்ணனிடம் இருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். ஆமாம், திருட்டுத்தனமாகத்தான். தையல் மிஷின் டிராயரைத் திறந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று. நூல்கண்டு ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் நிறத்தின் பேர் எழுதி ஒட்டியிருந்தது. பச்சை நூலில் நீலம் என்று ஒட்டியிருந்தாய். அதற்குக் கீழே கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. நான் ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். அந்தச் சீட்டை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டாம். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஊசி போட்டால் போகிற வேகம் குறையும், போனது திரும்பாது.

தேதி போன வருஷம் மே 12. பந்தயம் ஆகஸ்டில். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே தெரிந்தும் வந்து என் மேஜையில் நின்றிருக்கிறாய்! பலகை தெரியாமல் நின்றிருக்கிறாய்! பிறகு நான் கேட்டதும், வேண்டுமென்றே செய்தேன், நீ பறந்தாய், உன் காலடிச் சத்தம் மாறியது என்று ஒரு கதை கட்டினாய். பொறாமைக்காரி என்று நான் ஆறு மாதம் ஏசியதைக் கேட்டுக்கொண்டாய். கண் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதிலாக!

உன்னை மாதிரி அகம்பிடித்த ஜென்மத்தை நான் பார்த்ததில்லை. சீட்டைப் படித்தபோது நான் அழுதேன். அழுதுகொண்டே உன்னைத் திட்டினேன். உன் அண்ணனும் அழுதார். அவரையும் திட்டினேன்.

இப்போது கேள். மசாஜ்காரர் வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். மேஜைக்கு உன் பேரைத்தான் கொடுத்திருக்கிறேன். பலகையை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ பாட்டிலை மட்டும் நீட்டு. ஆனால் செப்டம்பரில் நடுவர் தேர்வுக்குப் போய் நின்றாயானால் நானே சங்கத்தில் சொல்லிவிடுவேன். ஓடாத பெண்ணுக்கு நீ அட்டை எழுதினால், அவளுக்கும் உன் எண்பது மீட்டர் கதைதான்.

வாத்து


மார்ச் 23

வாத்துக்கு,

இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியட்டும் என்றே சொல்கிறேன்.

என் வீட்டில் புகுந்ததற்கு உன்னை மன்னிக்கப் போவதில்லை. டிராயரை ஒழுங்காக மூடவும் உனக்குத் தெரியவில்லை.

என்னை வெளியேற்றிய நாளில், முழங்கால் மடங்கி விழுந்த என்னை நீ தூக்கிக்கொண்டு வந்தாய். அறைக்கு வந்ததும் நான் என்ன சொன்னேன்? "கால் போனா என்னடீ, கண்ணு இருக்கு"ன்னு சொன்னேன். அதற்குப் பிறகு அதை வைத்துத்தான் பிழைத்தேன். நாற்பது மீட்டர் தள்ளி வருகிறவளின் முழங்கால் எந்தச் சுற்றில் மடங்கும் என்று நான் சொல்வேன், அதே சுற்றில் மடங்கும். பயிற்சியாளர்கள் என் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அது போகிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்ன மறுநாளே பள்ளிக்கூடச் சீருடை வேலையும் வேறு கடைக்குப் போகும். "ஐயோ பாவம்" என்று வந்து பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இன்னும் ஒரு பந்தயம் தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை. பலகையில் மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு கறை தெரிந்தது. ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். இரண்டு என்று காட்டினால் நீ மெதுவாகப் போவாய், பிழைப்பாய். ஒன்றும் காட்டாமல் விட்டு அது உன் எண்ணாக இருந்துவிட்டால், உனக்கும் என் கதி. அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது, எடுத்தேன். தப்பாகப் போனது. உன் பதக்கத்தைத் தின்றது நான்தான். அதைச் சொல்லத்தான் நான்கு நாள்.

ஆனால் மேஜைக்கு வர மாட்டேன். பாட்டில் நீட்ட ஒரு கம்பம் போதும், அதற்கு நான் எதற்கு? உன் இரக்கத்தை உன் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள். சங்கத்தில் நீ வாயைத் திறந்தால் உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்.

ஊசி


ஆகஸ்ட் 28

ஊசிக்கு,

விமானத்தில் ஏழு மணி நேரம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தவள் நீ. இறங்கியதும் பெட்டியை உன் அண்ணன் கையில் திணித்துவிட்டுத் தனியாக ஆட்டோ பிடித்துப் போனவளும் நீ. ஆகவே மறுபடியும் காகிதம்.

வர மாட்டேன் என்று எழுதிவிட்டுக் கிளம்பும் நாளில் பெட்டியோடு வந்து நின்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பாய்.

பலகையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா? பதினாறு சுற்று நான் பார்க்கவில்லை. இருபது வருஷப் பழக்கம், கழுத்து திரும்ப மறுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் உன் கையைத்தான் பார்த்தேன், மடச்சி மாதிரி. பாட்டில் வந்தது, விரல் இல்லை. விரல் இல்லாததற்கு அர்த்தமும் இல்லை என்று தெரிந்தே பார்த்தேன்.

பதினேழாவது சுற்று. நான் நான்காவது. மூன்றாவது போகிறவள் ஐந்து வினாடி முன்னால். மேஜைக்கு வருகிறேன். உனக்கு இந்தப் பக்கம் செயலாளர், அந்தப் பக்கம் மசாஜ்காரர், பத்தடி தள்ளித் தலைமை நடுவர். நீ பாட்டிலை நீட்டவே இல்லை. கையை முஷ்டி பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் கத்தினாய்.

"எனக்குக் கண்ணு தெரியலடீ வாத்து! போன வருஷமும் தெரியல! என் கையப் பாக்காத, நீயே பாரு!"

செயலாளரின் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது, அதனால் சொல்கிறேன். வாயில் போட்ட மாத்திரையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் எண்ணுக்கு நேராக இரண்டு சிவப்பு அட்டை. இந்த வருஷம் நிஜமாகவே இரண்டு.

யோசிக்க எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? பத்து எட்டு வைக்கிற நேரம். மெதுவாகப் போனால் நான்காவது நிச்சயம். போன வருஷம் வாங்கின அதே நான்காவது. அதை வாங்கிக்கொண்டு இன்னொரு வருஷம் உன்னைத் திட்ட என்னிடம் தெம்பு இல்லை. போனேன். பதினெட்டாவது சுற்றில் அவளைத் தாண்டினேன். ஒரு சுற்று முழுக்க நான் மூன்றாவது. பத்தொன்பதில் மூன்றாவது அட்டை விழுந்தது.

தண்டனைக் கட்டத்தில் இரண்டு நிமிடம் நின்றேன். பதினோரு பேர் என்னைக் கடந்து போனார்கள், ஒவ்வொருத்தியையும் எண்ணினேன். அதிகாரி என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதினான்காவதாக முடித்தேன்.

போன வருஷம் ஆறு வினாடிக்காக உன்னை ஒரு வருஷம் ஏசினேன். இந்த இரண்டு நிமிடத்துக்கு ஏச ஆள் இல்லை. என் கண், என் கால், என் கொழுப்பு. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

உன்னைப் பற்றி என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதாக நினைத்துவிடாதே. நீ பொய்க்காரி, அகம்பிடித்தவள், கோணல் தையல்காரி. ஆனால் அத்தனை பேர் நடுவில் அப்படிக் கத்தினாயே, உன் முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அந்த உடையைப் பிரித்துத் தைக்கவில்லை. பச்சை நூலோடுதான் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வாத்து


செப்டம்பர் 6

வாத்துக்கு,

இது அண்ணன் கையெழுத்து. நான் சொல்கிறேன், அவன் எழுதுகிறான். நான் சொன்ன கெட்ட வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டு எழுதுகிறான் என்று சந்தேகப்படுகிறேன். கடிதம் சிறியதாக இருந்தால் அதுதான் காரணம்.

நடுவர் தேர்வு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கண் தெரியாதவளாயிற்றே என்று செயலாளர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவை. கையாலாகாதவன். போன வருஷம் திறந்திருந்தால் கதவிலேயே அவன் மூக்கை நசுக்கியிருப்பேன். பள்ளிக்கூடச் சீருடை வேலை போய்விட்டது, எதிர்பார்த்ததுதான். பொத்தான் கட்டுகிற வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பொத்தானுக்குக் கை போதும்.

பதினான்காவது என்பதெல்லாம் ஒரு இடமா? மூன்றாவது அட்டை எதற்கு விழுந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? பறந்ததற்கு. மேஜையில் நின்று உன் காலடியைக் கேட்டேன். குதிகால் சத்தமே இல்லை. போன வருஷம் நான் சொன்னது கட்டுக்கதை. இந்த வருஷம் அதை நிஜமாக்கிக் காட்டிவிட்டாய், சனியனே.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். உன் கடிதங்களை ஒரு வருஷமாகக் கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒரு கடிதத்துக்கு ஒரு பகல் போகும். ஏச்சு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தேன். கடைசிக் கடிதத்தை அண்ணன்தான் படித்துக் காட்டினான். நீ திட்டுகிற மாதிரி அவனுக்குத் திட்ட வரவில்லை. எல்லாவற்றையும் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி வாசிக்கிறான்.

என்னால் இனி எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. என் நம்பருக்குப் போட்ட தடையை எடு. போன் பண்ணித் திட்டு.

ஊசி

பின்குறிப்பு (இது உன் புருஷன்): ஐந்து கெட்ட வார்த்தைகளை விட்டிருக்கிறேன். அவற்றை உன்னிடம் நேரில் சொல்லச் சொல்கிறாள். சொல்லட்டுமா?